12 வருஷம் லேட்டாக வந்த தங்கம்: ஹை ஜம்ப் சாம்பியன் இவான் உகோவ் தாண்டியதும் தாண்டாததும்!

அந்த ரீல் உங்கள் போனையும் ஒரு தடவையாவது கடந்து போயிருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்ஸ். ஹை ஜம்ப் ஃபைனல். கத்தாரின் முதாஸ் பார்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் 2.37 மீட்டரில் சமமாக நிற்கிறார்கள். ரெண்டு தங்கம் தர முடியுமா என்று பார்ஷிம் கேட்கிறார். முடியும் என்கிறார் அதிகாரி. அடுத்த நொடி தம்பேரி தாவி பார்ஷிம் மேல் ஏறிக்கொள்கிறார். நம்ம ஆட்கள் அதற்கு விதவிதமாக பி.ஜி.எம் போட்டு இன்னமும் ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே பார்ஷிமிடம் இன்னொரு பதக்கக் கதை இருக்கிறது. அது ரீலில் வராது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் அவர் வாங்கியது வெண்கலம். இன்றைக்கு ஒலிம்பிக் பட்டியலைத் திறந்து பார்த்தால் அவர் பெயருக்கு நேராக வெள்ளி என்று இருக்கும். இதற்காக அவர் ஒரு சென்டிமீட்டர்கூட அதிகமாகத் தாண்டவில்லை. அவருக்கு மேலே இருந்த ஒருவர் காணாமல் போய்விட்டார், அவ்வளவுதான்.

அந்த ஒருவர், ரஷ்யாவின் இவான் உகோவ்.

லண்டனில் ஆகஸ்ட் 7, 2012 அன்று இரவு உகோவ் தாண்டியது 2.38 மீட்டர். நம்ம வீட்டு வாசற்கதவு சுமாராக ஏழடி இருக்கும். அதற்கு மேல் இன்னும் முக்கால் அடி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் ஒரு கம்பி. கையில் கழி கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. வளைந்து ஓடிவந்து, ஒற்றைக் காலை ஊன்றி எழும்பி, முதுகைக் கம்பிக்குக் காட்டி மறுபக்கம் விழ வேண்டும். போட்டியின் நடுவில் உகோவின் ஜெர்ஸி காணாமல் போய்விட்டது. கிடைத்த ஒரு டி-ஷர்ட்டில் நம்பரை ஒட்டிக்கொண்டு வந்து குதித்தார். அதிலும் ஜெயித்தார். இரண்டாவது வந்த அமெரிக்காவின் எரிக் கைனார்டு தாண்டியது 2.33. ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி என்பது இந்த விளையாட்டில் லேசுப்பட்டதல்ல.

சும்மா சொல்லக் கூடாது, ஆள் திறமைசாலி. இந்தக் கதையில் நமக்கு எரிச்சல் தருவதே அதுதான். ஒன்றுமில்லாத ஒருவரை மருந்து தூக்கிவிட்டிருந்தால், 'போடா ஃபிராடு' என்று திட்டிவிட்டு ஸ்க்ரோல் செய்துவிடலாம். உகோவ் அப்படி இல்லை. 1986-ல் செல்யாபின்ஸ்க் நகரில் பிறந்தவர். 2005-ல் ஐரோப்பிய ஜூனியர் சாம்பியன். 2009-ல் ஏதென்ஸில் இண்டோர் போட்டியில் 2.40. 2010-ல் தோஹாவில் உலக இண்டோர் சாம்பியன். 2009, 2011 என்று இரண்டு முறை ஐரோப்பிய இண்டோர் தங்கம். லண்டனுக்குப் பிறகும் நிற்கவில்லை. 2014 பிப்ரவரியில் பிராகில் 2.42, மே மாதம் தோஹாவில் திறந்த மைதானத்தில் 2.41. கியூபாவின் ஹவியர் சோட்டோமேயர் 1993-ல் வைத்த 2.45 என்ற உலக சாதனைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

(அந்த சோட்டோமேயர் மட்டும் என்னவாம்? 1999-ல் கோகெய்ன், 2001-ல் நாண்ட்ரோலோன் என்று ரெண்டு தடவை சிக்கியவர்தான். ஆனாலும் அந்த 2.45 முப்பது வருஷங்களுக்கும் மேலாக அசையாமல் நின்றது. ஹை ஜம்ப்பில் மருந்து பேச்சு உகோவோடு ஆரம்பித்ததல்ல.)

உகோவை உலகத்துக்கு முதலில் பிரபலமாக்கியதும் ஒரு தாண்டல்தான், ஆனால் தாண்டாத தாண்டல். 2008 செப்டம்பர், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் போட்டி. வந்தவர் நிதானத்தில் இல்லை. தள்ளாடுகிறார், உடையைக் கழற்ற முடியாமல் தடுமாறுகிறார், ஓடிவந்து கம்பியைத் தாண்டாமல் மெத்தையில் போய் விழுகிறார். பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் அணியில் இடம் கிடைக்காத சோகம், காதலியோடு சண்டை என்று பிறகு காரணங்கள் வந்தன. அப்போது அவருக்கு வயது 22. வீடியோ யூடியூபில் தீயாகப் பரவியது. உலகமே சிரித்தது. சர்வதேச தடகளச் சம்மேளனம் எச்சரிக்கை கொடுத்து விட்டுவிட்டது.

நான்கு வருஷம் கழித்து அதே ஆள் ஒலிம்பிக் சாம்பியன். விழுந்து எழுந்த கதைகளை நமக்கு எவ்வளவு பிடிக்கும்! மோட்டிவேஷன் பேஜ் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல கன்டென்ட் கிடைக்குமா? ஆறரை வருஷத்துக்கு அந்தக் கதை அப்படியேதான் இருந்தது.

இப்போது மாஸ்கோவுக்குப் போவோம். அங்கே ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடம் ஒன்று இருந்தது. அதன் இயக்குநர் கிரிகோரி ரோட்சென்கோவ். திருடனைப் பிடிக்க வேண்டிய போலீஸ் ஸ்டேஷன். ஆனால், அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டபடி, அவர் வேலை மருந்தைக் கண்டுபிடிப்பது அல்ல, கண்டுபிடிக்க முடியாமல் செய்வது. மெத்தெனோலோன், ட்ரென்போலோன், ஆக்ஸாண்ட்ரோலோன் என்று மூன்று ஸ்டீராய்டுகளை மதுவில் கரைத்து ஒரு கலவை தயாரித்தார். ஆண்களுக்கு விஸ்கி, பெண்களுக்கு வெர்மூத். விழுங்கத் தேவையில்லை, வாயில் வைத்துக் கொப்பளித்தால் போதும். சீக்கிரம் உடம்பில் ஏறும், சீக்கிரம் இறங்கிவிடும். அந்தக் கலவைக்கு வைத்த பெயர் 'டச்சஸ்'. சீமாட்டியாம்!

ஜிம்முக்குப் போகிறவர் என்றால் இந்தப் பெயர்களில் ரெண்டு உங்களுக்குப் புதிதாக இருக்காது. லாக்கர் ரூமில் 'அனாவர்', 'ட்ரென்' என்று யாராவது கிசுகிசுத்திருப்பார்கள். அதேதான். ஒன்று, பெரிய ஆபரேஷனோ தீக்காயமோ பட்டு எடை இழந்தவர்களைத் தேற்றுவதற்காக வந்த மருந்து. இன்னொன்று கறிக்கு வளர்க்கும் மாடுகளுக்கு எடை ஏற்றப் போடுவது.

'ஹை ஜம்ப் ஆள் ஒல்லியாகத்தானே இருக்கணும், அவருக்கு எதுக்கு ஸ்டீராய்டு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புஜம் பெருக்க மட்டும்தான் ஸ்டீராய்டு என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. தாண்டுகிறவர் கடைசி அடியில் காலை ஊன்றும்போது, அரை நொடிக்கும் குறைவான நேரத்தில், உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. இப்படி ஒரு நாள் முழுவதும் பயிற்சி செய்தால் தசைக்கு ஓய்வு வேண்டும். ஸ்டீராய்டு அந்த ஓய்வு நேரத்தைக் குறைக்கும். மற்றவர் படுத்திருக்கும் நாளில் நீங்கள் மைதானத்தில் இருக்கலாம். கம்பியைத் தாண்ட வைப்பது மருந்தல்ல. தாண்டிப் பழகுவதற்கான கூடுதல் நாள்களை மருந்து வாங்கிக் கொடுக்கிறது. அடுத்தவரிடமிருந்து திருடியது அந்த நாள்களைத்தான்.

இதில் பெரிய சிக்கல், போட்டி நாளில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது. அதற்கும் ஏற்பாடு இருந்தது. லண்டனுக்குப் போவதற்கு முன்பே வீரர்களின் சிறுநீர் ரகசியமாக, சாதாரண டப்பாக்களில் எடுக்கப்பட்டு மாஸ்கோ கூடத்துக்கு வந்தது. மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது, விமானம் ஏறுவதற்குள் சுத்தமாகிவிடுமா என்று பார்ப்பதற்காக. யாருக்கு எந்தத் தேதியில் என்ன அளவு என்று பட்டியல் வேறு. பிறகு வந்த விசாரணைகளில் 'லண்டன் வாஷ்அவுட்' என்று பெயர்பெற்றது இதுதான். பாத்திரம் கழுவுகிற மாதிரி உடம்பைக் கழுவி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் உகோவின் பெயர் இருந்தது. லண்டனில் பெண்கள் ஹை ஜம்ப்பில் வெண்கலம் வாங்கிய ஸ்வெட்லானா ஷ்கோலினாவின் பெயரும் இருந்தது.

கதை உடைந்தது மெதுவாகத்தான். 2014 டிசம்பரில் ஜெர்மன் தொலைக்காட்சி ஏ.ஆர்.டி ஆவணப்படம் வெளியிட்டது. 2015 நவம்பரில் ரஷ்யத் தடகளச் சம்மேளனம் சஸ்பெண்ட் ஆனது. அதே சமயத்தில் ரோட்சென்கோவ் அமெரிக்காவுக்குப் பறந்தார். அவர் கதையை 'இகாரஸ்' என்ற படத்தில் நெட்ஃபிளிக்ஸில் பார்க்கலாம், ஆஸ்கர் வாங்கியது. 2016-ல் ரிச்சர்ட் மெக்லாரன் தந்த இரண்டு அறிக்கைகள், 30-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் ஆயிரத்துக்கும் அதிகமான ரஷ்ய வீரர்கள் இந்த ஏற்பாட்டில் பலனடைந்ததாகச் சொல்லின.

2019 பிப்ரவரி 1. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 12 ரஷ்யத் தடகள வீரர்களைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. உகோவுக்கு நான்கு வருஷத் தடை, லண்டன் தங்கம் பறிப்பு. ஷ்கோலினாவுக்கும் அதே நான்கு வருஷம். பின்னால் மேல்முறையீட்டில் உகோவின் தடைக்காலம் குறைந்தது. தங்கம் திரும்பவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த வழக்கு நின்றது ரகசியப் பட்டியல்கள், ஆய்வகப் பதிவுகள், ரோட்சென்கோவின் சாட்சியம் ஆகியவற்றின் மேல். லண்டனில் எடுத்த சாம்பிளில் மாட்டி வந்த வழக்கு அல்ல. 'டெஸ்ட்ல எதுவும் வரலை, அப்போ க்ளீன்தானே?' என்று ஒவ்வொரு ஊக்கமருந்துச் சர்ச்சையிலும் கமென்ட் பாக்ஸில் ஒருவர் வந்து நிற்பார். அவருக்கு உகோவின் கதையைச் சொல்லலாம். டெஸ்ட்டில் எதுவும் வராமல் இருப்பதற்காகத்தான் ஒரு ஆய்வகமே வேலை பார்த்தது.

உகோவ் வில்லனா, பகடைக்காயா? பயிற்சியாளர், சம்மேளனம், ஆய்வகம், மேலிடம் என்று எல்லாரும் ஒரே பக்கம் நிற்கும்போது, 20 ப்ளஸ் வயதில் இருக்கும் ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது புரிகிறது. ஆனால், அதைச் சொல்லி அவரை முழுசாக விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. பதக்க மேடையில் நின்றபோது பக்கத்துப் படியில் நின்றவரை அவர் பார்த்திருப்பார்தானே?

அந்தப் பக்கத்துப் படிக்கு வருவோம்.

எரிக் கைனார்டுக்கு அப்போது 21 வயது. அமெரிக்காவின் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர். லண்டனில் வெள்ளியோடு வீடு திரும்பினார். அந்த ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி தங்கத்துக்குக் கொடுத்த பரிசு 25,000 டாலர், வெள்ளிக்கு 15,000. இந்த வித்தியாசத்தைக்கூடக் கணக்குப் போட்டுவிடலாம். 'ஒலிம்பிக் சாம்பியன்' என்ற பட்டத்தோடு வந்திருக்க வேண்டிய விளம்பரம், ஸ்பான்சர், போட்டிகளுக்கான அழைப்புத் தொகை எல்லாவற்றையும் எந்த எக்ஸெல் ஷீட்டில் போடுவது? 21 வயதில் வந்தால் அந்தப் பட்டம் ஒரு கரியரையே தூக்கி நிறுத்தும். மார்க்கெட்டுக்குத் தெரிந்தது தங்கம்தான், வெள்ளி இல்லை. அடுத்த ஒலிம்பிக்ஸில் அவர் ஆறாவது.

2019-ல் தீர்ப்பு வந்தும் தங்கம் உடனே கைக்கு வரவில்லை. மேல்முறையீடு முடிய வேண்டும், ஒலிம்பிக் கமிட்டி முடிவெடுக்க வேண்டும். பதக்கங்கள் மாற்றப்பட்டது 2021-ல். கைனார்டு அதைக் கழுத்தில் வாங்கியது 2024 ஆகஸ்ட் 9 அன்று, பாரிஸில், ஈஃபிள் கோபுரத்துக்கு எதிரே நடந்த நிகழ்ச்சியில். வயது 33. அதற்கு மறுநாள் அதே ஊரில் ஆண்கள் ஹை ஜம்ப் ஃபைனல் நடந்தது. அவர் அதில் இல்லை.

லேட்டாக வரும் பதக்கத்தை எப்படி வாங்கிக்கொள்ளலாம் என்பதற்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஆறு ஆப்ஷன் வைத்திருக்கிறது. அடுத்த ஒலிம்பிக்ஸில் வாங்கலாம், இளையோர் ஒலிம்பிக்ஸில் வாங்கலாம், சுவிட்சர்லாந்தில் உள்ள தலைமையகத்திலோ அருங்காட்சியகத்திலோ வாங்கலாம், சொந்த நாட்டில் வாங்கலாம், அந்த விளையாட்டின் போட்டி ஒன்றில் வாங்கலாம், தனியாகக்கூட வாங்கிக்கொள்ளலாம். டெலிவரி ஸ்லாட் தேர்ந்தெடுக்கிற மாதிரிதான். 2018 வரை இப்படி ஒரு வசதியே கிடையாது என்பதைப் பார்த்தால், இது முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

லண்டன் ஃபைனலில் 2.29 தாண்டி மூன்றாம் இடத்தை மூன்று பேர் பகிர்ந்திருந்தார்கள். பார்ஷிம், கனடாவின் டெரிக் ட்ரூவன், பிரிட்டனின் ராபி கிராபர்ஸ். இப்போது மூவருக்கும் வெள்ளி. அதனால் அந்தப் போட்டிக்கு ஒரு தங்கம், மூன்று வெள்ளி, வெண்கலமே கிடையாது! க்விஸ்ஸில் கேட்கலாம். கிராபர்ஸ் கதை தனி. 2011 கடைசியில் அவருக்கான நிதியுதவியை நிறுத்தியிருந்தார்கள். அடுத்த வருஷமே சொந்த நாட்டு ஒலிம்பிக்ஸில் பதக்கம். 2018-ல் ஓய்வு பெற்றுவிட்டார். உகோவ் மேல் தீர்ப்பு வந்தபோது அவர் விளையாட்டிலேயே இல்லை.

பெண்கள் பக்கம் போனால் மனசு இன்னும் கொஞ்சம் கனக்கும். 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் ஷான்டே லோ ஆறாவது வந்தார். 2016-ல் பழைய சாம்பிள்களை மறுபடி சோதித்தார்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வந்த மூவரும் மாட்டினார்கள். ஆறாவது வந்தவருக்கு வெண்கலம்! எட்டு வருஷம் தன்னைத் தோற்றவராக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாவதாக வந்து பதக்கத்தை இழந்தவர் அன்னா சிச்செரோவா. லண்டனில் தங்கம் வாங்கியவரும் அதே சிச்செரோவாதான், அந்தத் தங்கம் இன்னும் அவரிடமே இருக்கிறது. லண்டனில் ஷ்கோலினாவுக்குப் பின்னால் நான்காவது வந்த ஸ்பெயினின் ரூத் பெய்ட்டியா, பதக்கம் இல்லாமலேயே ஓய்வை அறிவித்துவிட்டார். நல்லவேளை, மனசு மாறித் திரும்பி வந்தார். 37 வயதில் ரியோவில் தங்கமே வாங்கினார். அப்படித் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் போட யாராலும் முடியாது.

ஆனால், இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பெய்ட்டியா ரியோவில் ஜெயித்தது 1.97 மீட்டரில். முந்தைய வருஷம் 2.01 தாண்டி உலக சாம்பியன் ஆன ஒருவர் அந்த ஃபைனலில் இல்லை. மரியா லசிட்ஸ்கேனே, அப்போது குச்சினா. ரஷ்யர். ஊக்கமருந்துப் புகார் எதுவும் அவர் மேல் இல்லை. ஆனால், ரஷ்யத் தடகள அணிக்கே தடை என்பதால் ரியோவுக்குப் போக முடியவில்லை. அமெரிக்காவில் பயிற்சி எடுத்துவந்த நீளம் தாண்டும் வீராங்கனை டாரியா கிளிஷினா ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி கிடைத்தது. உகோவ்களுக்கான பில்லை லசிட்ஸ்கேனேக்கள் கட்டினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, தன் நாட்டு அதிகாரிகளையே வெளிப்படையாகத் திட்டித் தீர்த்தார். கொடியில்லாமல், நடுநிலை வீராங்கனையாக உலகப் பட்டங்கள் ஜெயித்தார். டோக்கியோவில் 2.04 தாண்டி ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார், ஐந்து வருஷம் லேட்டாக.

அந்த அதிகாரிகள் திருந்தினார்களா என்றால், அடுத்த கூத்தும் ஹை ஜம்ப்பில்தான். 2018-ன் உலக இண்டோர் சாம்பியன் டேனில் லிசென்கோ, எங்கே இருக்கிறேன் என்ற தகவலை ஒழுங்காகத் தராமல் பரிசோதனைகளைத் தவறவிட்டார். அதற்குச் சாக்காக ஆஸ்பத்திரிச் சான்றிதழ்கள் வந்தன. விசாரித்தால், அப்படி ஒரு ஆஸ்பத்திரியே கிடையாது! லீவு லெட்டரில் தாத்தாவைச் சாகடிக்கிற டெக்னிக்தான். செய்தது மட்டும் ஒரு நாட்டின் தடகளச் சம்மேளனம். லிசென்கோவுக்கு ஆறு வருஷத் தடை. சம்மேளனத் தலைவராக இருந்தவர் உட்பட நிர்வாகிகளுக்கும் தடை விழுந்தது. வீரரோடு சேர்த்து நாற்காலியில் இருப்பவர்களும் மாட்டியது எனக்குத் தெரிந்து நல்ல மாற்றம். லண்டன் விவகாரத்தில் பதக்கம் போனது வீரர்களுக்கு மட்டும்தான். பட்டியல் போட்டவர்கள் கழுத்தில் பறிக்க எதுவும் இல்லை.

'ரஷ்யாக்காரன் பிரச்னை நமக்கெதுக்கு' என்று தோன்றினால் ஒரு விஷயம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டம். முகமது அனஸ், எம்.ஆர்.பூவம்மா, ஹிமா தாஸ், நம்ம திருச்சி லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் என்ற நால்வர் அணி பஹ்ரைனுக்குப் பின்னால் இரண்டாவது வந்தது. வெள்ளி. 2020-ல் பஹ்ரைன் அணியின் கெமி அடெகோயா ஊக்கமருந்துக்காகத் தடை செய்யப்பட, இந்தியாவின் வெள்ளி தங்கமானது. செய்தி வந்த ஜூலை மாதத்தில் நாமெல்லாம் கொரோனா எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். மாலை இல்லை, மேளம் இல்லை. எத்தனை பேர் கவனித்திருப்போம்?

அதே நால்வரில் ஒருவரான பூவம்மாவுக்கு, 2021-ல் கொடுத்த வேறொரு சாம்பிளுக்காக, 2022-ல் இரண்டு வருஷத் தடை விழுந்தது. ஜகார்த்தா ஓட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தத் தங்கம் இந்தியாவிடமேதான் இருக்கிறது.